மஞ்சள் மாத்திரையும் பகிர்ந்துண்ணும் பழக்கமும்



இவ்வலைப்பூவில் வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வகுப்பறை அனுபவங்கள் ஆகியவற்றையே எழுதி வருகிறேன். இன்று சற்று விலகி, ஒரு மருந்தைப் பற்றி எழுத முனைகிறேன். நான் மருத்துவர் அல்லேன்; மருந்தாளரும் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தி வருபவள். எனினும், இந்த மருந்தைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொண்டு என் சொந்தத் தாய்க்கே தீங்கிழைத்தவள் என்ற முறையில், இதைப் பற்றிப் பேச எனக்குக் கடமை உண்டு என்று கருதுகிறேன்.

பென்சில் பெட்டியில் ஒரு மாத்திரை

சில வாரங்களுக்கு முன்பு எங்கள் பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஓய்வு நேரத்திற்குப் பின் வகுப்புக்குள் நுழைந்தபோது, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் பென்சில் பெட்டியைத் திறந்து, பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பனிடம் எதையோ நீட்டிக்கொண்டிருந்தான். மிட்டாய் என்றுதான் முதலில் எண்ணினேன். அருகில் சென்று பார்த்தால், மஞ்சள் நிறக் கேப்சூல் மாத்திரை!

“என்னப்பா இது?” என்று கேட்டேன்.

“பாட்டியோட மாத்திரை, டீச்சர். கால் வலிச்சா பாட்டி இதைத்தான் சாப்பிடுவாங்க. இவனுக்கு ஓடி ஓடிக் கால் வலிக்குதாம். அதான் கொண்டு வந்தேன்.”

அவன் முகத்தில் குற்ற உணர்வு துளியும் இல்லை. நண்பனுக்கு உதவி செய்கிறோம் என்ற மகிழ்ச்சியே இருந்தது. அதற்கு முந்திய வாரந்தான் நன்னெறிக் கல்விப் பாடத்தில் பகிர்ந்துண்ணுதலைப் பற்றி நானே வாய் வலிக்கப் பேசியிருந்தேன். இருப்பதைப் பிறருக்கும் கொடுத்து உண்ண வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக்கூடப் போட்டேன். அப்பாடத்தை அவன் எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறான் பாருங்கள்!

மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, மதியம் அவன் பாட்டிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அது கபாபென்டின், 300 மில்லிகிராம். இனிப்புநீரால் ஏற்பட்ட நரம்பு வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது. அந்த ஒரு மாத்திரையால் சிறுவனின் உயிருக்கே ஆபத்து வந்திருக்கும் என்று மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால், தலைசுற்றலும் தூக்கமும் தரக்கூடிய மருந்தை உண்ட பத்து வயதுப் பிள்ளை, வெயிலில் திடலில் ஓடி, பின்னர் நெடுஞ்சாலையைக் கடந்து வீட்டுக்கு நடந்து செல்வதை எண்ணிப் பாருங்கள்.

பாட்டியிடம் பேசி முடித்தபின் வெகுநேரம் ஆசிரியர் அறையிலேயே அமர்ந்திருந்தேன். அந்தச் சிறுவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், அதே தவற்றை என் வீட்டில் வளர்ந்தவர்களே செய்திருந்தோம்.

என் வீட்டில் நடந்தது

என் தாயாருக்கு வயது எழுபத்திரண்டு. தோட்டப்புறத்தில் பால்மரம் சீவியவர். இருபது ஆண்டுகளாக இனிப்புநீர் உள்ளவர். அப்பா காலமான பிறகு என்னோடு வசித்து வருகிறார். இரவானால் பாதங்கள் இரண்டும் தணலில் வைத்தது போல எரிகின்றன என்பார். போர்வையின் நுனி பட்டால்கூடத் தாங்க மாட்டார். அரசாங்கக் கிளினிக்கில் அவருக்கு பிரிகாபலின் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒவ்வொன்றும் 75 மில்லிகிராம். மூன்று நான்கு வாரங்களில் எரிச்சல் ஓரளவு தணிந்தது. அம்மா மீண்டும் கோயிலுக்கு நடந்து போகத் தொடங்கினார்.

கடந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையின்போது ஒருநாள் அவருடைய மருந்துகளை எடுத்து அடுக்கினேன். மாதம் முடிய இன்னும் எட்டு நாள்கள் இருந்தன. பிரிகாபலின் பொட்டலம் மட்டும் காலியாகிக் கிடந்தது.

“அம்மா, இந்த மருந்து எங்கே போனது?”

“பக்கத்து வீட்டு அத்தைக்கு முழங்கால் வலின்னு நாலைஞ்சு கொடுத்தேன் பாப்பா. மருந்துதானே, கொடுத்தா குறைஞ்சா போயிடும்? எனக்கும் சில நாள் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. அப்ப இன்னொன்னு போட்டுக்குவேன். போட்டா மனசு லேசாயிருக்கு.”

மனசு லேசாயிருக்கு என்ற அந்தச் சொற்றொடர் எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா காலின் வலியைப் பற்றிப் பேசவில்லை. அப்பா இல்லாத இரவுகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை எனக்கு இல்லாமற் போயிற்று.

பக்கத்து வீட்டு அத்தை அதற்கு முந்திய வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கால் வலிக்காக ஏற்கனவே டிரமடோல் உட்கொண்டு வந்தவர். அதன்மேல் அம்மா கொடுத்த மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. நனைந்த தரையில் யாரும் வழுக்கலாம். ஆயினும் அம்மா அதன்பின் பல நாள் அந்த வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

அன்றிரவு நான் கணினியின் முன் அமர்ந்து அந்த மருந்தைப் பற்றித் தேடிப் படித்தேன். தவறான பயன்பாடு, அடிமைத்தனம், மரணம் என்ற சொற்கள் கண்ணில் பட்டன. எனக்குக் கைகால் நடுங்கியது. என் அம்மா போதைப் பொருளுக்கு அடிமையாகிவிட்டாரோ என்று அஞ்சினேன். மறுநாள் வாங்கி வந்த புதிய பொட்டலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். “இனி இந்த மருந்து வேண்டவே வேண்டாம்” என்று கண்டிப்புடன் கூறிவிட்டேன். வகுப்பில் மாணவனிடமிருந்து விளையாட்டுப் பொருளைப் பறிமுதல் செய்வது போல!

இரண்டாம் நாள் இரவு அம்மாவுக்கு உடல் முழுதும் வியர்த்தது. கண் மூட முடியாமல் கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். கைகள் நடுங்கின, குமட்டல் எடுத்தது. சீனி குறைந்துவிட்டதோ என்று விரலில் குத்திப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. விடிந்ததும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். அங்கே இளம் வயது மலாய்க்கார மருந்தாளர் ஒருவர், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆண்ட்டி, கடைசியாக எப்போது மாத்திரை சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த மருந்தாளர் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து, படம் வரைந்து, எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அவர் சொன்னதையும், அதன்பின் நான் பொறுமையாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதுகிறேன்.

தானாக அடிக்கும் மணி

தலைவலி, சுளுக்கு போன்ற சாதாரண வலி, பள்ளியில் தீப்பிடித்தால் அடிக்கும் மணி போன்றது. ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது, மணி அடிக்கிறது. நரம்பு வலி அப்படிப்பட்டதன்று. மணியின் மின்கம்பியே பழுதாகி, தீ இல்லாமலே இரவும் பகலும் தானாக அடித்துக்கொண்டிருக்கும் நிலை அது. நீடித்த இனிப்புநீர் நரம்புகளைப் பழுதாக்குகிறது. அக்கி வந்து ஆறிய பிறகும் சிலருக்கு அதே இடத்தில் எரிச்சல் நிலைத்துவிடுகிறது. இத்தகைய வலிக்குப் பாரசிட்டமோல் பெரும்பாலும் பயன் தருவதில்லை.

கபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை. இரண்டும் முதலில் வலிப்பு நோயை மனத்திற்கொண்டு ஆராயப்பட்டவை. மூளையில் காபா என்றொரு இயற்கைப் பொருள் உண்டு. நரம்புகளின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. அதன் அமைப்பை ஒத்திருக்குமாறு இம்மருந்துகளை உருவாக்கினர். அதனால்தான் பெயரிலும் காபா இருக்கிறது. ஆனால், வியப்பு என்னவென்றால், இவை காபாவின் ஏற்பிகளில் போய் அமர்வதே இல்லை!

நரம்பின் முனையில் கால்சியம் நுழைவதற்கு நுண்ணிய வாயில்கள் உள்ளன. கால்சியம் உள்ளே புகுந்தால்தான், வலிச் செய்தியைச் சுமந்து செல்லும் வேதிப்பொருள்கள் வெளியாகும். அவ்வாயில்களோடு ஒட்டியிருக்கும் ஒரு பகுதிக்கு ஆல்ஃபா-2-டெல்ட்டா என்று பெயர். வாயில்களை நரம்பு முனைக்குக் கொண்டுவந்து சேர்க்க அது உதவுகிறது. இம்மருந்துகள் அப்பகுதியைப் பற்றிக்கொள்கின்றன. கால்சியம் உட்புகுவது குறைகிறது. வலிச் செய்தியும் குறைகிறது. பழுதான மணியை அவை கழற்றி எறிவதில்லை. அதன் ஓசையைத் தணிக்கின்றன. நரம்பின் பழுது பழுதாகவே இருக்கும். ஆகவே, இம்மருந்தை உட்கொள்ளும் ஒருவர் இனிப்புநீரைக் கட்டுப்படுத்தும் முயற்சியை விட்டுவிடலாகாது.

இன்னோர் உண்மையையும் சொல்லவேண்டும். எல்லாருக்கும் இது பயன் தருவதில்லை. இனிப்புநீரால் நரம்பு வலி உள்ள பத்துப் பேருக்குக் கபாபென்டின் கொடுத்தால் ஏறத்தாழ நால்வருக்கு வலி பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைகிறது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தாலும் ஏறத்தாழ இருவருக்கு அவ்வாறு குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். பயன் உண்டு, ஆனால் மந்திரம் இல்லை. “ஒன்று போதவில்லை, இரண்டாகப் போட்டுக்கொள்வோம்” என்ற எண்ணம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

சிற்றுண்டிச்சாலை வரிசை

கபாபென்டின் குடலிலிருந்து குருதிக்குள் செல்ல ஒரு குறிப்பிட்ட வழி மட்டுமே உண்டு. ஓய்வு நேரத்தில் நம் சிற்றுண்டிச்சாலையில் ஒரே ஒருவர் நின்று நாசி லெமாக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மாணவர்கள் வந்தாலும் நூற்றைம்பது மாணவர்கள் வந்தாலும் அவர் கொடுக்கும் வேகம் ஒன்றுதான். அதுபோல, நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் உட்கொண்டால் ஏறத்தாழ 60 விழுக்காடு உடலில் சேர்கிறது. 4,800 மில்லிகிராம் உட்கொண்டால் 27 விழுக்காடு மட்டுமே சேர்கிறது.

பிரிகாபலின் அப்படியன்று. எவ்வளவு உட்கொண்டாலும் 90 விழுக்காட்டுக்கு மேல் உடலில் சேர்ந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் உண்டால் ஒன்று ஒன்றரை மணி நேரத்திலேயே குருதியில் உச்ச அளவை எட்டிவிடுகிறது. அளவை இரட்டிப்பாக்கினால் குருதியில் சேரும் அளவும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். என் அம்மாவுக்கு மனசு லேசானது இதனால்தான் போலும்.

அடுத்து, இவ்விரு மருந்துகளையும் ஈரல் சிதைப்பதில்லை எனலாம். உண்ட மருந்து ஏறக்குறைய அப்படியே சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவர் உடலில் கபாபென்டின் பாதியாகக் குறைய ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். சிறுநீரே பிரியாத நோயாளிகளுக்கோ, குருதிச் சுத்திகரிப்பு செய்யாத நாள்களில், 132 மணி நேரம் ஆகிறது. அதாவது ஐந்து நாள்களுக்கும் மேல்!

இது நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. இனிப்புநீர் நரம்பைப் பழுதாக்குகிறது. அதே இனிப்புநீர் சிறுநீரகத்தையும் பழுதாக்குகிறது. நரம்பு வலிக்கு மருந்து தேவைப்படுகிறவரே அம்மருந்தை வெளியேற்ற இயலாதவராகவும் இருக்கக்கூடும். மருத்துவர் குருதிச் சோதனை செய்து அளவை முடிவு செய்வது இதற்காகத்தான். பாட்டிக்குச் சரியான அளவு, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மிகையாகலாம்.

அம்மாவைச் சோதித்தபோது அவருடைய சிறுநீரகங்களின் செயற்றிறன் குறைந்திருப்பது தெரியவந்தது. மருத்துவர் முதலில் பழைய அளவையே மீண்டும் கொடுத்து அவரை நிலைப்படுத்தினார். பின்னர் வாரக்கணக்கில், சிறிது சிறிதாக, அளவைப் பாதியாக்கினார். நான் ஒரே இரவில் செய்ய முயன்றதை அவர் படிப்படியாகச் செய்தார். அம்மாவுக்கு வியர்க்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

தவறான பயன்பாடு எப்படித் தொடங்குகிறது?

இவை தீங்கற்ற மருந்துகள் என்ற நம்பிக்கை மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் நிலவியது. கபாபென்டினுக்கு அமெரிக்காவில் 1993இல் வலிப்பு நோய்க்கான துணை மருந்தாக அனுமதி கிடைத்தது. அக்கிக்குப் பின்வரும் வலிக்கு 2002இல் கிடைத்தது. ஆனால், அனுமதி பெறாத பற்பல நோய்களுக்கும் அதனை எழுதிக் கொடுக்குமாறு மருத்துவர்கள் தூண்டப்பட்டனர். அந்நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் பிராங்க்ளின் என்பவரே 1996இல் வழக்குத் தொடர்ந்து இதனை வெளிக்கொணர்ந்தார். 2004இல் வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 43 கோடி அமெரிக்க டாலர் செலுத்த உடன்பட்டது.

பிரிகாபலினைப் பொறுத்தவரை, அமெரிக்கா 2005இலேயே அதனைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் கடைசிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பிரித்தானியா 2019 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி இரண்டு மருந்துகளையுமே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இம்மருந்துகள் சிலருக்கு மூச்சைத் தளர்த்தக்கூடும் என்று எச்சரித்தது. முதியவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், அபின்வகை வலிநிவாரணிகளை உட்கொள்பவர்கள் ஆகியோரை அது குறிப்பாகச் சுட்டியது. நம் நாட்டிலும் சிங்கையிலும் இவை மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே பெறக்கூடிய மருந்துகள்.

ஆபத்து பெரும்பாலும் கலப்பில்தான் இருக்கிறது. டிரமடோல், கோடின் கலந்த இருமல் மருந்து, மார்ஃபின், தூக்க மாத்திரை, மது ஆகிய ஒவ்வொன்றும் மூளையைத் தூங்கச் செய்பவை. இவற்றோடு நரம்பு வலி மருந்தும் சேரும்போது, மூச்சு விடும்படி உடலுக்கு இடும் கட்டளையே தளர்ந்துவிடக்கூடும். வட மாநிலங்களில் இளைஞர்கள் அருந்தும் கெத்தும் நீரிலுள்ள பொருளும் அபின்வகை ஏற்பிகளிலேயே செயற்படுகிறது என்பதைப் பெற்றோர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

போதைப் பழக்கம் உள்ளவர்கள் மட்டுமே இதில் சிக்குவார்கள் என்று எண்ணாதீர்கள். முன்பு அத்தகைய பழக்கம் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மையே. ஆனால், தொடக்கம் எங்கும் ஒன்றுதான். வலிக்காகக் கொடுத்ததைத் தூக்கத்திற்காக, பின்னர் துக்கத்திற்காக, பின்னர் காரணமே இல்லாமல் உட்கொள்வது. சொன்ன நாளுக்கு முன்பே மருந்து தீர்ந்துபோவது; இரண்டு மூன்று கிளினிக்குகளுக்குச் சென்று வாங்குவது; கேட்டால் சினம் கொள்வது; பட்டப்பகலில் நாக் குழறுவது, தள்ளாடி நடப்பது. இவை நாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

இத்துடன் ஒரு வேறுபாட்டையும் மருந்தாளர் எனக்கு விளக்கினார். திடீரென நிறுத்தினால் உடல் தவிப்பது வேறு, அடிமையாதல் வேறு. சொன்னபடி சரியாக உட்கொள்பவரின் உடலும் அம்மருந்துக்குப் பழகித்தான் போகிறது. அதனைச் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, தூக்கமின்மை, பதற்றம், குமட்டல் ஏற்படலாம். சிலருக்கு வலிப்பும் வரலாம். ஆகவே, குறைந்தது ஒரு வாரமேனும், பெரும்பாலும் அதற்கும் மேலாக, படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். அம்மாவின் நடுக்கத்தைக் கண்டு அவரை அடிமை என்று முத்திரை குத்தியது என் அறியாமை.

நம்மால் செய்யக்கூடியவை

என் அனுபவத்திலிருந்து சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

1. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். கேட்பவர் உடன்பிறந்தவராயினும், ஆசிரியர் அறையில் இடுப்பு வலியோடு அமர்ந்திருக்கும் தோழியாயினும் சரி.

2. அளவை நீங்களே கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். மருந்து பயன் தரவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. உட்கொள்ளும் மற்ற மருந்துகள் அனைத்தையும், கடையில் வாங்கிய இருமல் மருந்து உட்பட, மருத்துவரிடம் கூறுங்கள். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெண்ணிற மருந்துகூடக் கபாபென்டின் உடலில் சேர்வதைக் குறைக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி தேவை.

4. சிறுநீரகச் சோதனையைத் தவறவிடாதீர்கள். தலைசுற்றல், பாத வீக்கம், பார்வை மங்கல், மிகுந்த தூக்கம், மனச்சோர்வு ஆகியவை தோன்றினால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

5. புதிதாக உட்கொள்ளத் தொடங்கியவரும், அளவு கூட்டப்பட்டவரும், தம் உடல் எப்படி ஏற்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றி வரும் தாத்தாக்கள் நம்மிடையே பலர் உள்ளனர்.

6. மருந்துகளை எண்ணி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எஞ்சியவற்றை மருந்தகத்தில் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

7. ஒருவரை எழுப்ப முடியாத அளவு தூக்கமோ, மூச்சுத் தளர்ச்சியோ, உதடு நீலமாவதோ கண்டால் காத்திருக்காதீர்கள். உடனே 999 எண்ணை அழையுங்கள். சிங்கையில் உள்ளோர் 995 எண்ணை அழையுங்கள்.

ஆசிரியர்களே, நாம் பகிர்ந்துண்ணச் சொல்லிக் கொடுக்கிறோம். அது நல்ல பாடம். அதனை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், பாடத்தின் முடிவில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வோம்: உணவைப் பகிரலாம், நூலைப் பகிரலாம், மருந்தை மட்டும் பகிரக்கூடாது. அந்த வரியை நான் சொல்லாமல் விட்டதால்தான் ஒரு மஞ்சள் மாத்திரை பென்சில் பெட்டிக்குள் வந்தது.

மறுவாரம் அச்சிறுவனின் பாட்டி பள்ளிக்கு வந்தார். பேரனைத் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “நான்தான் டீச்சர், சாப்பாட்டு மேசையிலேயே வச்சிருந்தேன்” என்று கண் கலங்கினார். நான் என் அம்மாவின் கதையை அவரிடம் கூறினேன். இருவரும் சிறிது நேரம் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். புறப்படும்போது, “ராத்திரியில எரிச்சல் வந்தா பேசறதுக்குக்கூட ஆள் இல்லை, டீச்சர்” என்றார்.

அதே சொல்லைத்தான் என் அம்மாவும் வேறு விதமாகச் சொன்னார். இப்போதெல்லாம் இரவு ஒன்பதரைக்கு அம்மா தம் மாத்திரையை எடுத்துக்கொள்வார். நாட்காட்டியில் அவரே ஒரு கோடு கிழிப்பார். பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தும் வேலையை நான் கூடத்திற்கே கொண்டுவந்துவிட்டேன். தூக்கம் வரும்வரை அவர் தோட்டத்துக் கதைகளைச் சொல்வார். நான் திருத்திக்கொண்டே கேட்பேன். மாத்திரையின் அளவு பாதியாகிவிட்டது. எரிச்சல் முற்றாக நீங்கவில்லை. ஆனால், இன்னொன்று வேண்டும் என்று அவர் கேட்டு மாதங்கள் பல ஆகின்றன.

உங்கள் வீட்டிலும் மருந்துப் பெட்டி ஒன்று இருக்கும். இன்றிரவு அதைத் திறந்து பாருங்கள், எண்ணிப் பாருங்கள். கணக்குக் குறைந்தால் பூட்டுவதற்கு முன், பக்கத்தில் அமர்ந்து காரணத்தைக் கேளுங்கள்.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.